வராண்டாவும் வாடகை மாமாக்களும்

“…நானே ரெண்டு புள்ளைங்களுக்கு அத்தைன்னு சொல்லிக்கினு வந்து இதே எடத்துல நின்னிருக்கேன், பெரிய டீச்சர். உங்களுக்குத்தான் மொகம் ஞாபகம் இல்ல. திட்டறதுன்னா என்ன மொதல்ல திட்டிடுங்க. அப்பறம் அந்தப் பொண்ணப் பாருங்க. பொய் சொன்னது அது இல்ல. சொல்ல வெச்சது உங்க வராண்டா.”

தலைமையாசிரியை அறையில் நின்று இப்படிப் பேசியது, எங்கள் பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே கூடை வைத்துக் கொய்யாவும் அவித்த மல்லாட்டையும் விற்கிற அக்கா. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். இடுப்பில் கூடையை வைத்துக்கொண்டே பேசினாள். இறக்கி வைக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மேசைக்குப் பின்னால் பெரிய டீச்சர், பக்கத்தில் கணக்கு வாத்தியார், சுவரோரம் அந்த ஒன்பதாவது வகுப்புப் பெண்.

நான் கதவை ஒட்டி நின்றிருந்தேன். நான் அந்தப் பள்ளிக்கூடத்தின் பியூன். மணி அடிப்பது, சுற்றறிக்கை நோட்டை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோவது, கேட்டில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்குவது எல்லாம் என் வேலை. திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம் சேர்ந்தேன். படிப்பு எட்டாவதோடு சரி. மீதியைப் பொட்டலத் தாளிலும் மனிதர்கள் வாயிலும் படித்ததுதான். யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் சுற்றறிக்கை நோட்டின் பின்னட்டையில் குறித்துக்கொள்வேன். அக்கா சொன்னதையும் குறித்திருக்க வேண்டியது. கை வரவில்லை. “உங்க வராண்டா” என்று அவள் சொன்னது டீச்சரைப் பார்த்துத்தான். ஆனால் அந்த வராண்டாவில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திவைக்கிறவன் நான்.

அந்த வராண்டா கதை இதுதான். காலாண்டுப் பரீட்சை விடைத்தாள் கொடுத்த மறுநாளிலிருந்து, இரண்டு பாடத்துக்கு மேல் பெயிலானவர்கள் வகுப்புக்குள் போக முடியாது. அப்பாவையோ, அவர் ஊரில் இல்லாவிட்டால் மாமா, பெரியப்பா என்று சொந்தத்தில் ஒரு பெரியவரையோ கூட்டிக்கொண்டு வர வேண்டும். அவர் பெரிய டீச்சரிடம் பேச்சு வாங்கி, என்னிடம் நோட்டில் கையெழுத்துப் போட்டால் பிள்ளை உள்ளே. அதுவரை அலுவலக வராண்டாவில் நிற்க வேண்டியதுதான். தண்ணீர்க் குழாய்க்குப் போகிற வழி அது. போகிற பிள்ளைகள் சும்மா போகுமா? “டேய், நவகிரகத்த சுத்திட்டுப் போடா, தோஷம் கழியும்” என்று ஒருவன் சொல்வான். நிற்கிறவர்களும் உண்மையில் நவக்கிரகம் மாதிரிதான், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்பார்கள். எனக்கே சிரிப்பு வரும்.

தப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளையைச் சேர்க்க வரும்போதே பெற்றவர்கள், “கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க சார்” என்றுதான் சொல்வார்கள். அதுவும் என் பின்னட்டையில் இருந்தது. எவ்வளவு நம்பிக்கை பாருங்கள், தோலையே ஒப்படைக்கிறார்கள் என்று ரசித்து எழுதிவைத்தேன். உரிபடுகிற தோல் யாருடையது என்று எனக்கு அப்போது யோசனை போகவில்லை.

ஆனால் அப்பாக்கள் வரமாட்டார்கள். ஒருவர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருப்பார், ஒருவர் லாரியோடு போயிருப்பார். இன்னொருவர் வந்தால் டீச்சர் வாய் திறப்பதற்குள் பெல்ட்டை உருவிவிடுவார். ஆகையால் பிள்ளைகள் ஆள் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். எங்கள் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? மலை சுற்ற வருகிறவர்கள், லாட்ஜில் தங்குகிறவர்கள், டீக்கடையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள். கொஞ்சம் வெள்ளையாகச் சட்டை போட்டவராகப் பார்த்து, “ண்ணா, ஒரு பத்து நிமிஷம் எனக்கு மாமாவா வரீங்களா?” என்று கேட்டால் முடிந்தது. புண்ணியம் தேடி வந்த இடத்தில் இதுவும் ஒரு புண்ணியம் என்று வந்துவிடுவார்கள். எங்களுக்குள் இவர்களுக்கு ‘வாடகை மாமா’ என்று பெயர். வாடகை எதுவும் கிடையாது, பெயர்தான் அப்படி.

கோயில் பக்கத்துப் பூக்கடைக்காரர் ஒருவர் செவ்வாய்க்கிழமை ஒருவனுக்குப் பெரியப்பா, வெள்ளிக்கிழமை ஒருத்திக்குத் தாய்மாமன். ஒருநாள் நோட்டை நீட்டிக்கொண்டே, “இன்னாபா, உங்க குடும்பம் ரொம்ப ஜாஸ்தியா கீதே?” என்றேன். “அண்ணாமலையார் குடும்பம்ண்ணா, ஊரே சொந்தந்தான்” என்று சொல்லி அழகாகக் கையெழுத்துப் போட்டார். அதையும் பின்னட்டையில் எழுதிக்கொண்டேன். கேட்டில் உட்கார்ந்திருக்கிறவன் செய்கிற வேலையா அது? அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. பாவம் பிள்ளைகள், அடி வாங்காமல் பிழைக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

அந்த ஒன்பதாவது வகுப்புப் பெண்ணை ஆறாவதில் சேர்க்க வந்த அவள் அப்பாவை எனக்கு நினைவிருந்தது. மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அவரும் தோல் உரிக்கிற வசனத்தைச் சொன்னார், கூடவே ஒன்று சேர்த்துச் சொன்னார்: “பெயிலாச்சின்னா அன்னிக்கே நிறுத்திடுவேன். அவ அம்மாகூட லாட்ஜு பெருக்கப் போவட்டும்.” அம்மா செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜில் அறை கூட்டித் துடைக்கிற வேலை. வேங்கிக்கால் பக்கமிருந்து தினமும் ஊருக்குள் நடந்து வருவார்.

ஒன்பதாவது காலாண்டில் அந்தப் பெண் மூன்று பாடத்தில் போய்விட்டாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தால் அன்றோடு படிப்பு முடிந்தது. வராவிட்டால் வராண்டா. மூன்று நாள் நின்றாள். இரண்டாம் நாளிலிருந்து தண்ணீர் குடிக்கப் போவதை நிறுத்திவிட்டாள். குழாயடியில் கேலி ஜாஸ்தி. மூன்றாம் நாள் வயிறு வலிக்கிறது என்றாள். நான் மாத்திரை கொடுத்தேன், பெரிய வைத்தியன் மாதிரி.

அன்று கேட்டில் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் என்னை அண்ணா என்பாள், நான் அவளை அக்கா என்பேன். யார் மூத்தவர் என்று இருவரும் கணக்குப் பார்த்ததில்லை.

“வயிறு வலிக்குதுன்னு சொல்ற புள்ளைங்கள்ல பாதிக்கு வலி வயித்துல இல்லண்ணா” என்றாள், கொய்யாவைக் கீறிக்கொண்டே. “எங்கிட்ட மூணு நாளா ஒண்ணுமே வாங்கல அது. கூட நிக்கிற பொண்ணு குடுத்தாலும் வாணான்னுது. திங்கற புள்ள திங்கலன்னா எனக்குப் பேஜாரா கீது.”

நல்ல வார்த்தையாக இருக்கிறதே என்று அதையும் எழுதிக்கொண்டேன். எழுதியதோடு என் கடமை முடிந்தது.

அன்று மாலை அந்தப் பெண் பூக்கடைக்காரரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். “என் மொகம் தெரிஞ்சி போச்சும்மா, இனிமே முடியாது” என்று சொல்லிவிட்டார். அது பௌர்ணமி வாரம். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த வெளியூர் ஆள் ஒருவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நான் வரேன் பாப்பா, இதுல என்ன இருக்கு” என்றானாம். இதெல்லாம் பிற்பாடு அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

நாலாம் நாள் காலை வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. பெரிய டீச்சர் திட்டத் திட்டத் தலையை ஆட்டினான். “நான் பாத்துக்கறேன் மேடம், இனிமே எங்கிட்ட சொல்லுங்க” என்றான். எந்த வகுப்பு என்று நோட்டில் எழுதும்போது அவன் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, வாடகை மாமா என்று. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு ஓடியதைப் பார்க்க வேண்டுமே. மூன்று நாள் நின்ற கால் அப்படி ஓடுமா என்று இருந்தது.

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு மணி அடித்துச் சற்று நேரத்தில், அவன் மறுபடி வந்தான்.

“பாப்பாவக் கூட்டிட்டுப் போகணும் சார். அவங்க அம்மா வீட்ல மயக்கம் போட்டு விழுந்துட்டாங்க.”

நோட்டைப் புரட்டினேன். நேற்றைய தேதியில் அவன் கையெழுத்து, பக்கத்தில் பெரிய டீச்சரின் சுருக்கொப்பம். மாமாதான் என்று பள்ளிக்கூடமே எழுதிக் கொடுத்திருக்கிறது. அவன் வாடகை என்று தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்திருந்தும், ஒருவேளை அந்தக் குடும்பத்துக்கு வேண்டியவனாகவே ஆகிவிட்டானோ, உதவிக்கு வந்திருக்கிறானோ என்று என் புத்தி சமாதானம் சொன்னது. ஆள் அனுப்பி அவளை வரவழைத்தேன். அவனை வைத்துக்கொண்டே கேட்டேன்.

“மாமாதானே?”

அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள்.

“ஆமாங்க சார்.”

நான் கேட்டைத் திறந்துவிட்டேன்.

எதிர்ப்பக்கத்திலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். “ந்தா கண்ணு, சித்த நில்லு. பையி எங்க?” அவள் பை இல்லாமல் வந்திருந்தாள். சாப்பிட்ட கையைக் கழுவக்கூட இல்லை. அக்கா எழுந்து ரோட்டைத் தாண்டி வந்து அவனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் நின்றாள்.

“எங்க கூட்டினு போற?”

“அவங்க அம்மாவுக்கு மயக்கம். வீட்ல இருக்காங்க.”

“வீடு எந்தப் பக்கம்?”

“இதோ… பே கோபுரம் பக்கந்தான்.”

“அப்பிடியா? தெனம் வேங்கிக்கால்லருந்து நடந்து என் கூடையத் தாண்டித்தான் போறா அவ அம்மா. இன்னிக்கிக் காலீலகூட, ‘கொய்யா பழுத்துப் போச்சு, காயா வெய்யி’ன்னு சொல்லிட்டுப் போனா. எப்ப ஊட்ட மாத்தினா?”

அவன் சிரித்தான். “இருங்க, வண்டிய எடுத்துட்டு வரேன்” என்றான். வண்டி எடுக்கப் போனவன் வரவே இல்லை. நான் தெருமுனை வரை ஓடிப் பார்த்தேன். பௌர்ணமிக் கூட்டம். பார்த்த பக்கமெல்லாம் வெள்ளைச் சட்டையும் விபூதியும்தான். அவன் யார், என்ன நினைத்து வந்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் அக்காவின் கூடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அக்கா ஊற்றிய தண்ணீரில் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து பார்த்துவிட்ட கணக்கு வாத்தியார் இறங்கி வந்தார். அப்படித்தான் எல்லோரும் பெரிய டீச்சர் அறைக்கு வந்து சேர்ந்தோம்.

“டிசி குடுத்து அனுப்பிடலாம் மேடம்” என்றார் வாத்தியார். கெட்டவர் இல்லை, பயந்தவர். “ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா நாளைக்குப் பேப்பர்ல நம்ம பேருதான். யாரோ ரோட்ல போறவன மாமான்னு கூட்டிட்டு வந்திருக்கு.”

“மொதல்ல அப்பனுக்கு ஆள் அனுப்புங்க” என்றார் பெரிய டீச்சர்.

அந்த ஒரு சொல்லுக்கு அந்தப் பெண் சுவரோடு சுவராக ஒட்டிப்போனாள். கேட்டில் அவனைப் பார்த்தபோதுகூட அவள் முகம் அப்படிப் போகவில்லை. அதைப் பார்த்துத்தான் அக்கா வாயைத் திறந்தாள். நான் முதலில் எழுதிய வார்த்தைகள் அப்போது வந்தவை.

அந்த அறையில் பிறகு நடந்ததைச் சொல்லுமுன், பின்னால் வந்த வருஷங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அக்கா பேச்சு காற்றோடு போனதென்று நினைத்துக்கொள்வீர்கள்.

முதலில் கேட்டில் என் வேலை மாறியது. யார் வந்து பிள்ளையைக் கேட்டாலும், வந்தவரை வெளியே நிறுத்திவிட்டு, பிள்ளையைப் பள்ளி மணி தொங்குகிற பக்கம் தனியாகக் கூட்டிப்போய், “இவரு யாரு? போவணுமா, வாணாமா?” என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் காரணம் கேட்கக் கூடாது. அவனை வைத்துக்கொண்டே கேட்டவன் நான் என்பதால், இந்த உத்தரவை நான் மறந்ததே இல்லை. ஒருமுறை சொந்தத் தாய்மாமனே வந்து, “என்னையே சந்தேகப்படறியா, நான் யாரு தெரியுமா?” என்று குதித்தார். “தெரியாதுங்க, அதனாலதான்” என்றேன்.

இன்னொன்று, ஒரு நோட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். உனக்கு ஏதாவது ஆனால் யாரிடம் சொல்ல வேண்டும், இரண்டு பேர் எழுது என்று பிள்ளை கையாலேயே எழுதச் சொன்னார்கள். அப்பா என்றுதான் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, டியூஷன் அண்ணன், ஒரு பஸ் கண்டக்டர், தர்கா பக்கத்துத் தையல்கடை பாய் என்று என்னென்னவோ வந்தது. ஒருத்தி என்னை எழுதியிருந்தாள். அன்று மணியை இரண்டு நிமிஷம் தாமதமாக அடித்துவிட்டேன். சில பக்கங்கள் காலியாக வந்தன. நான் அவற்றைத் திருப்பிக் கொடுத்து நிரப்பச் சொல்லப் போனேன். பெரிய டீச்சர் தடுத்தார். “அதுங்கள எங்கிட்ட அனுப்புப்பா, அதுங்ககூடத்தான் மொதல்ல பேசணும்” என்றார்.

வராண்டாவில் ஒரு பெஞ்சு வந்தது. தலை சுற்றுகிற பிள்ளை, அழுகை வருகிற பிள்ளை உட்காரலாம். பெயிலானவர்களை அங்கே நிறுத்துகிற வழக்கம் போய்விட்டது. இரண்டாயிரம் பிறந்தபின் வெளியிலிருந்து பயிற்சி கொடுக்க வந்தார்கள். மனநலம் என்ற சொல்லைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி, ஒரு பள்ளிக்கூடம் பாதுகாப்பாக இருக்க என்ன வேண்டும் என்று கேட்டார்கள். சுற்றுச்சுவர் என்றார் ஒருவர், வாசலில் விளக்கு என்றார் இன்னொருவர். எல்லாம் வேண்டும்தான். பின்வரிசையில் டீ டம்ளர்களோடு நின்றிருந்த எனக்கு, “ஆமாங்க சார்” என்ற அந்தக் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் அன்றைக்கும் இருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். முட்டி போடவைக்கிற வாத்தியார்கள் அதற்குப் பிறகும் இருந்தார்கள். காலிப் பக்கம் கொடுத்த ஒரு பையன் அரையாண்டுக்குப் பிறகு வரவே இல்லை. வீட்டுக்கு மூன்று தடவை போனேன், பூட்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கும்.

இப்போது அந்த அறைக்கு வருகிறேன். அக்கா பேசி முடித்ததும் பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்தப் பெண்ணைப் பார்த்து, கோபமில்லாமல் கேட்டார்.

“முன்பின் தெரியாத ஆள எதுக்கும்மா கூட்டிட்டு வந்த?”

“வகுப்புல உக்காரணும் மேடம்.”

“சரி. இன்னிக்கு அவன் கூப்பிட்டப்பவாவது மாமா இல்லன்னு சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நேத்து சொன்னது பொய்யின்னு தெரிஞ்சிடும். அப்பாவுக்குச் சொல்லிடுவீங்க.”

வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோல் உரிக்கிற அந்த வசனம் என் பின்னட்டையில், என் அக்குளில் இடுக்கிய நோட்டில் இருந்தது. அதை எங்கேயாவது வைத்துவிட்டு வந்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

“டிசி பேச்ச விடுங்க சார்” என்றார் பெரிய டீச்சர். “ஆனா வீட்டுக்குச் சொல்லாம மறைக்கவும் முடியாது. ஒருத்தன் கேட் வரைக்கும் வந்திருக்கான். பெத்தவங்களுக்குத் தெரியணும்.”

அந்த அறையில் கேட்காமல் நான் வாய் திறந்தது அன்றுதான். “அப்பாவுக்குத் தெரிஞ்சா நாளையிலேருந்து இது வராதுங்க மேடம். சேக்கறப்பவே சொன்னாரு.”

“அம்மா?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையிடமும் அம்மாவைக் கூட்டிவா என்று நாங்கள் சொன்னதில்லை. “ரிஜிஸ்டர்ல அப்பா பேருதான் மேடம் இருக்கு” என்றார் வாத்தியார், மெதுவாக.

“அவ அம்மா பேரு என் வாயில கீது” என்றாள் அக்கா. “நான் போய்க் கூட்டினு வரேன். இந்தண்ணன் காக்கிச் சட்டையோட போய் நின்னா லாட்ஜே வேடிக்க பாக்கும், சாயங்காலத்துக்குள்ள சேதி மண்டிக்குப் போய்டும். நான் போனா மல்லாட்டக்காரி வந்தா, போனான்னு கெடப்பாங்க. அவளுக்கு எப்பிடிச் சொன்னா தாங்குவான்னு எனக்குத் தெரியும். புருசங்கிட்ட எத, எப்ப, எப்பிடிச் சொல்றதுன்னு நீங்களும் அவளும் உக்காந்து பேசுங்க. அவ படிக்கலன்னாலும் இது படிக்கணும்னுதான் தெனம் அவ்ளோ தூரம் நடக்கறா.”

பெரிய டீச்சர் தலையசைத்தார். பிறகு பழக்க தோஷத்தில், “அவங்க வர்ற வரைக்கும் இது வராண்டாவுல…” என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அக்கா வெளியே வந்தாள். அந்தப் பெண் மூன்று நாள் நின்ற இடத்தில் கூடையை இறக்கிவைத்தாள். கத்தியையும் உப்பு மிளகாய்ப்பொடி டப்பாவையும் என் கையில் கொடுத்து, “இன்டர்வெல்லு வரப் போவுது, புள்ளைங்க வந்தா பாத்துக்கண்ணா” என்றாள். அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாவது வகுப்பு வாசலுக்கு நடந்தாள். உள்ளே பாடம் நடந்துகொண்டிருந்தது. யாரிடமும் கேட்காமல் நேராகப் போய், “கொஞ்சம் நவுருங்கடி” என்று இரண்டாம் பெஞ்சில் இடம் பண்ணி அவளை உட்கார வைத்தாள். தோளை ஒருமுறை அழுத்திவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, செங்கம் ரோட்டுப் பக்கம் விடுவிடுவென்று நடந்து போனாள்.